தடச் செயலியின் மதிப்பெண்ணைப் படிப்பதும் எழுதுவதும்

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியும் முன்பே தாம்பரத்திலிருந்து வண்டியில் கிளம்பி, மதுராந்தகத்துக்கு மேற்கே ஒரு செயலி காட்டிய மண்தடத்தைத் தேடிப் போனோம். 14 கிலோமீட்டர், ‘எளிது’, நான்கரை நட்சத்திரம் என்று அதில் போட்டிருந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் தடம் கரையைக் கடந்து நேராக ஏரிக்குள் இறங்கியது. கைபேசித் திரையிலோ கோடு தண்ணீரைப் பொருட்படுத்தாமல் மறுகரை வரை நீண்டிருந்தது. வீடு திரும்பிய பிறகுதான் பதிவின் தேதியைப் பார்த்தேன். அதைப் பதிவு செய்தவர் மே மாதத்தில், வறண்டு வெடித்துக் கிடந்த ஏரிப் படுகையின் குறுக்கே ஓட்டியிருந்தார். அவர் எழுதிய ‘எளிது’ அன்றைக்கு முழு உண்மை. அந்தச் சொல்லோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய மாதத்தை நான் தேடிப் படிக்காததுதான் பிழை.

தடத்துக்குத் தரப்படும் எந்த மதிப்பெண்ணும் ஒருவர், ஒரு வண்டியில், ஒரு நாளில், ஒரு திசையில் கண்டதன் சுருக்கமே. அந்தச் சுருக்கத்தைத் திரும்ப விரித்துப் படிக்கத் தெரிந்துகொள்வதும், நம் முறை வரும்போது அடுத்தவர் விரித்துப் படிக்கும்படி எழுதுவதும் பழகிக்கொள்ளக்கூடிய கைவேலைகள். சென்னையைச் சுற்றியுள்ள நிலத்துக்கு அவை கூடுதலாகவே தேவைப்படுகின்றன.

முதலில், செயலி காட்டும் எண்களைப் பிரித்தறிய வேண்டும். நட்சத்திரம் என்பது அந்தப் பயணம் போனவர்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதைச் சொல்கிறது. கடினநிலை என்பது தடம் வண்டியிடமும் ஓட்டுபவரிடமும் என்ன கேட்கிறது என்பதைச் சொல்கிறது. இரண்டும் அருகருகே அச்சிடப்படுவதால், நான்கரை நட்சத்திரத் தடத்தைப் பாதுகாப்பான தடம் என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிய மலைத்தடத்துக்குத்தான் பலர் ஐந்து நட்சத்திரம் தருகிறார்கள் என்பதை நினைவில் வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

கடினநிலையைக் கணக்கிடும் முறை செயலிக்குச் செயலி மாறுகிறது. அமெரிக்காவில் வாகனத் தடங்களுக்கென்றே இயங்கும் ஆன்எக்ஸ் ஆஃப்ரோடு, டிரெயில்ஸ் ஆஃப்ரோடு ஆகியவையும், ஜீப் நிறுவனத்தின் பேட்ஜ் ஆஃப் ஹானர் திட்டமும் 1 முதல் 10 வரையிலான அளவுகோலைப் பின்பற்றுகின்றன. விவரிப்பில் சிறு வேறுபாடுகள் இருந்தாலும் போக்கு ஒன்றுதான். கீழ்முனையில் சாதாரணக் கார் போகக்கூடிய சீரான மண்சாலை இருக்கும்; அதற்கு மேலே தரையிலிருந்து உயரமான வண்டி தேவைப்படும்; நடுப்பகுதியில் நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் ஃபோர் வீல் டிரைவும், மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு நகர்த்தும் லோ ரேஞ்ச் கியரும் இல்லாமல் முடியாது; 7, 8 என்று போகும்போது பெரிய டயரும், ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைத் தடுக்கும் டிஃபரன்ஷியல் லாக்கும் பொருத்தி மாற்றியமைத்த வண்டி வேண்டும்; மேல்முனையில் அதற்கென்றே கட்டிய வண்டிக்குக்கூடச் சேதம் நேரலாம்.

இப்படிப்பட்ட அளவுகோலைப் படிக்கும்போது, எண் தடத்தின் சராசரியைச் சொல்கிறதா, மிகக் கடினமான இடத்தைச் சொல்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். வாகனத் தடங்களில் பொதுவாக மிகக் கடினமான இடத்தை வைத்தே எண் தரப்படுகிறது. தரவேண்டிய முறையும் அதுதான் என்பது என் கருத்து. 20 கிலோமீட்டரில் 19.9 கிலோமீட்டர் சுகமாக இருந்து, மீதி 100 மீட்டரில் இடுப்பளவுப் பாறைப்படி ஒன்று குறுக்கே நின்றால், அந்தப் படிதான் தடம். அந்தப் படி தொடக்கத்திலேயே இருக்கிறதா, திரும்ப வழியில்லாத 17ஆவது கிலோமீட்டரில் இருக்கிறதா என்பதை எண் சொல்லாது. நல்ல விவரிப்பு அதை வழிப்புள்ளியாகக் குறித்து, சுற்றிப் போக மாற்றுவழி உண்டா என்றும் சொல்லும்.

அந்த அமெரிக்கச் சேவைகளில் பல தடங்களைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளே நேரில் ஓட்டிப் பார்த்து, படமெடுத்து எழுதுகிறார்கள். அவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: அமெரிக்க வனத்துறை எந்தப் பாதையில் எந்த வகை வண்டி, எந்த மாதங்களில் போகலாம் என்பதை மோட்டார் வாகனப் பயன்பாட்டு வரைபடமாகவே வெளியிடுகிறது. நம் கைக்கு அப்படி ஒரு வரைபடம் கிடைப்பதில்லை. சென்னையைச் சுற்றி நாம் காண்பவை பெரும்பாலும் பயனர்கள் பதிவேற்றிய தடங்கள். ஸ்பெயினில் 2006இல் தொடங்கிய விக்கிலாக் போன்ற இடங்களில், பதிவேற்றுபவரே ‘எளிது’, ‘நடுத்தரம்’, ‘கடினம்’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். பத்து ஆண்டுகளாக மஹிந்திராவின் ‘தார்’ ஜீப்பை ஓட்டுபவரின் ‘நடுத்தரம்’ நேற்று வண்டி வாங்கியவருக்குக் ‘கடினம்’. எனவே அந்தப் பயனர் பதிவேற்றிய மற்ற தடங்களில் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான ஒன்று, எடுத்துக்காட்டாக ஏலகிரி மலைச்சாலையோ உங்கள் ஊர் ஏரிக்கரையோ, இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்கு அவர் என்ன தந்திருக்கிறார் என்று பார்த்தால் அவருடைய அளவுகோல் பிடிபட்டுவிடும். நான் செய்யும் சோதனைகளில் இதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. கிடைக்கும் பலனோ மிக அதிகம்.

பயனர்களே சேர்ந்து வரையும் இலவச வரைபடமாக 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வேறு வழியில் போகிறது. அது ‘எளிது’, ‘கடினம்’ என்று தீர்ப்புச் சொல்லாமல் தரையை விவரிக்கிறது. மண்தடங்களின் உறுதியை முதல் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரை ஐந்தாகப் பிரித்திருக்கிறார்கள். கெட்டித்த சரளைத் தளம் மேலே, புல்லும் மென்மண்ணுமாக அழுந்தும் தடம் ஐந்தாவதாக வரும். வழவழப்பு என்ற தனிக் குறிப்பு எட்டுப் படிகளில் இருக்கிறது. சக்கரக் காலணியில் உருளக்கூடிய தளம் முதல் படி. சாதாரணக் கார் போகக்கூடியது ‘மோசம்’. தரையிலிருந்து உயரமான வண்டி தேவைப்பட்டால் ‘மிக மோசம்’. அதற்கும் மேலே ‘கொடுமை’ என்ற படியில் முழு ஆஃப்ரோடு வண்டி வேண்டும். ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் இந்தத் தரவையே எடுத்தாள்கின்றன. ஜவ்வாது மலை போன்ற இடங்களில் இந்தக் குறிப்புகள் எல்லாப் பாதைகளிலும் நிரப்பப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நிரப்பியிருக்கும் இடத்தில் அவை நட்சத்திரத்தைவிட எனக்கு நம்பகமானவை, ஏனெனில் அவை மனநிலையை அளக்காமல் மண்ணை அளக்கின்றன.

நடைபயணத் தடங்களுக்குச் சூத்திரமே உண்டு. வர்ஜீனியாவிலுள்ள ஷெனன்டோவா தேசியப் பூங்கா வெளியிட்டிருக்கும் கணக்கு, ஏற்றத்தை அடியிலும் தொலைவை மைலிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் காண்கிறது. நம் அலகுக்கு மாற்றினால் ஏற்ற மீட்டரையும் தொலைவுக் கிலோமீட்டரையும் பெருக்கி, ஏறத்தாழ நான்கால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் போதும். 12 கிலோமீட்டர் நடையில் 500 மீட்டர் ஏற்றம் என்றால் 24,000இன் வர்க்கமூலம், அதாவது ஏறக்குறைய 155. அவர்களுடைய அளவில் 50க்குக் கீழே மிக எளிது, 100 வரை நடுத்தரம், 150 வரை சற்றுக் கடினம், 200 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். நன்றாக வேலை செய்யும் கணக்கு இது. ஆனால் அதற்கு வெயில் தெரியாது. கத்திரி வெயிலில் கடலோரப் புழுக்கத்தோடு நடக்கும் 100, டிசம்பர் காலையின் 155ஐவிட உடலை அதிகம் வாட்டும்.

சூத்திரத்துக்குள் போகும் ஏற்றமும் எப்போதும் சரியாக இருப்பதில்லை. திறந்த வானத்தின் கீழ் கைபேசியின் ஜி.பி.எஸ். ஏறக்குறைய ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். உயரத்தில் தடுமாற்றம் அதைவிட அதிகம். சமதளத்தில் நடக்கும்போதுகூட உயரம் ஓரிரு மீட்டர் ஏறி இறங்குவதாகப் பதிவாகி, அந்தச் சிறு ஏற்றங்களெல்லாம் கூடிக்கொண்டே போகும். இதைத் திருத்தப் பல செயலிகள் செயற்கைக்கோள் தரை உயரத் தரவைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் பரவலாக வழங்கும் ஒன்று, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் பயணத்தில் ரேடார் கொண்டு அளந்தது. அதன் ஒரு கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர். 10 மீட்டர் அகல ஓடை அதற்குள் மறைந்துபோகும். உங்கள் வண்டியின் முன்பக்கம் முட்டப்போவது அந்த ஓடையின் கரையில்தான்.

இனி, கிளம்பும் முன் மதிப்பெண்ணை விரிக்கும் வேலைக்கு வருகிறேன்.

முதலில் மாதம். சென்னைப் பகுதியின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகக் கொட்டுகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்கள் ஏரிகளால் நிறைந்தவை. ஊர்ப்பாதைகள் ஏரிக்கரை மேலும், மிகைநீர் வழியும் கலங்கலைத் தாண்டியும், தரைப்பாலங்கள் வழியாகவும் போகின்றன. மே மாதப் பதிவு டிசம்பருக்கு எதையும் சொல்லாது. தண்ணீர் வடிந்த பிறகும் அவசரப்படக் கூடாது: களிமண் படுகையில் மேலே பொருக்கு காய்ந்து வெடித்திருக்கும்போது அதன் அடியில் சேறு அப்படியே இருக்கும். பொங்கல் கழிந்து பல நாள் ஆன பின்பும் அந்தப் பொருக்கு உடைந்து அச்சு வரை இறங்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறேன். மணற்பாங்கான தடத்தில் கதை தலைகீழ். மழை ஈரம் மணலை இறுக்கிப் பிடித்திருப்பதால் ஜனவரியில் ஓட்டியவர் ‘எளிது’ என்று எழுதுவார். மே மாதத்தில் மணல் உலர்ந்து சக்கரத்துக்கடியில் ஓடும்போது, டயரின் காற்றைப் பாதியளவுக்குக் குறைக்காமல் அதே இடத்தில் நகர முடியாது. ஆகவே மாதத்தை மண்ணோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ஏரியில் தண்ணீர் நிற்கிறதா என்பதை வீட்டிலிருந்தபடியே பார்க்கவும் வழி உண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தை ஏறக்குறைய ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் நுணுக்கத்தில் படமெடுக்கின்றன. அந்தப் படங்களை ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்நிக்கஸ் இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். மழைக்காலத்தில் மேகம் மறைத்தால் சென்டினல்-1 ரேடார் படத்தைத் திறந்து பாருங்கள். அமைதியான நீர்ப்பரப்பு அதில் கறுப்பாகத் தெரியும். அந்த டிசம்பர் ஞாயிறுக்குப் பிறகு, நான் தடத்தின் கோட்டை இந்தப் படத்தின் மேல் வைத்துப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

அடுத்து வண்டியும் திசையும். மதிப்புரை எழுதியவர் என்ன வண்டியில் போனார் என்று குறிப்பிடவில்லையானால், அவருடைய படங்களில் தேடுங்கள். தரையிலிருந்து உயரம் மட்டும் முழு விடை தராது. மாருதியின் ஜிம்னி வண்டிக்குத் தரையிலிருந்து உயரம் 210 மில்லிமீட்டர். முன்பக்கம் இடிக்காமல் மேட்டில் ஏறும் அதன் முன்கோணம் 36 பாகை, பின்பக்கம் இடிக்காமல் இறங்கும் பின்கோணம் 50 பாகை, வயிற்றுப்பகுதி தட்டாமல் மேட்டைக் கடக்கும் கோணமோ 24 பாகை மட்டுமே. கூர்மையான ஏரிக்கரையை ஏறி மறுபக்கம் இறங்கும்போது உங்களைத் தடுப்பது பெரும்பாலும் அந்தக் கடைசி எண்தான். திசையும் அப்படியே முக்கியமானது: சரளைச் சரிவில் இறங்கிப் போனவர் ‘நடுத்தரம்’ என்று எழுதிய இடத்தில், எதிர்த்திசையில் ஏறுபவருக்குச் சக்கரம் சுழன்று நிற்கலாம். இறங்கிவிட்டோம், இனி ஏற முடியாது என்ற நிலைக்குத் தள்ளும் பாறைப்படிகளைப் பற்றி மதிப்புரைகளில் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தனியே தேடுங்கள்.

மூன்றாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பதிவேற்றப்பட்ட தடத்தை ஜி.பி.எக்ஸ். கோப்பாகப் பதிவிறக்க முடிந்தால், அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் இடமும் உயரமும் மட்டுமல்லாமல் பெரும்பாலும் நேரமும் இருக்கும். நேரம் இருந்தால் ஒவ்வொரு துண்டிலும் வண்டி எந்த வேகத்தில் போனது என்று தெரிந்துவிடும். பல செயலிகள் அதை வரைபடமாகவே வரைந்து தரும். மணிக்கு 20 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் அரைக் கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, 150 மீட்டரைக் கடக்க 20 நிமிடம் எடுத்திருந்தால், மதிப்புரையில் அவர் என்ன எழுதியிருந்தாலும் தடத்தின் கடினமான இடம் அதுதான். ஓய்வுக்காக நின்றதா, சிக்கியதா என்று பிரித்தறிய, அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓய்வில் நின்ற வண்டியின் புள்ளிகள் ஜி.பி.எஸ். தடுமாற்றத்தால் ஒரு சிறு உருண்டையாகக் குவிந்திருக்கும்; சிக்கிய வண்டியின் புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் 20, 30 மீட்டருக்கு முன்னும் பின்னுமாக மீண்டும் மீண்டும் போய்வந்திருக்கும். எழுத விட்டுப்போனதை இந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். அந்த இடத்தை உங்கள் வரைபடத்தில் வழிப்புள்ளியாகக் குறித்து, அங்கே போனதும் இறங்கி நடந்து பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நட்சத்திரத்தின் சராசரியைப் படிக்கவும் ஓர் எளிய கணக்கு உண்டு. இரண்டே பேர் ஐந்து தந்த தடம் 5.0 என்றும், 60 பேர் மதிப்பிட்ட தடம் 4.3 என்றும் பட்டியலில் வரும். ஒவ்வொரு தடத்துக்கும் கற்பனையாக ஐந்து பேர் 3.5 தந்ததாகச் சேர்த்துக்கொண்டு மறுபடி சராசரி எடுத்தால், முதலாவது 3.9க்கு இறங்குகிறது, இரண்டாவது 4.2இல் நிற்கிறது. கணக்கு தீர்க்காத ஒரு குறையும் இருக்கிறது. பாதியில் திரும்பியவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. கடந்தவர்களின் சொல் மட்டுமே சேர்ந்துகொண்டு போவதால் தடம் நாளுக்கு நாள் எளிதானதுபோலத் தோன்றுகிறது. ‘மூன்றாவது கிலோமீட்டரில் திரும்பிவிட்டோம்’ என்ற ஒற்றை வரி மதிப்புரை கண்ணில் பட்டால், அதைப் பத்துப் பாராட்டுகளுக்கு மேலாக வைத்துப் படியுங்கள்.

அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். செயலியில் கோடு இருப்பதால் போக உரிமை உண்டு என்று ஆகாது. காப்புக்காடுகளுக்கும் சரணாலயங்களுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். நாகலாபுரம், தடா பக்கம் போகும் தடங்கள் ஆந்திர வனத்துறையின் எல்லைக்குள் இருக்கின்றன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறியவர்களின் உயிர்களைப் பறித்ததை நம் ஊர்க்காரர் எவரும் மறந்திருக்க முடியாது. தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 தடங்கள் எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைப்படுத்தப்பட்டு, முன்பதிவோடும் வழிகாட்டியோடும் திறந்துவிடப்பட்டன. நடப்பவர்களுக்கு நான் முதலில் சுட்டுவது அந்தப் பட்டியலைத்தான். வண்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடற்கரை மணலில் ஓட்டிய தடங்களைப் பின்தொடர வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையோரத்தில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. அந்த முட்டைகள் ஓர் அடி ஆழத்தில், மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாதபடி இருக்கின்றன.

மதிப்புரை எழுதும்போது மேலே தேடியவற்றையெல்லாம் நீங்களே தந்துவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதினால் பாதி மறந்துவிடும். வழியில் சாப்பிட உட்காரும்போதே குறிப்பெடுத்துக்கொள்வது நல்லது. பதிவின் முதல் 500 மீட்டரையும் கடைசி 500 மீட்டரையும் வெட்டிவிட்டு ஏற்றுங்கள். இல்லையேல் உங்கள் வீட்டு வாசலும் தடத்தோடு சேர்ந்து ஊருக்குத் தெரிந்துவிடும். படம் எடுக்கும்போது பாறைப்படியின் அருகே ஒருவரை நிற்கவைத்து எடுங்கள், ஏனெனில் அகலக்கோண லென்ஸ் எந்தச் சரிவையும் சமதளமாக்கிவிடும். பயிருள்ள நிலத்தின் வழியே போயிருந்தால் அந்தத் தடத்தை ஏற்றவே வேண்டாம். நீங்கள் கேட்டுக்கொண்டு போன ஒருநாள் வழி, அடுத்த மாதம் கேட்காமல் வரும் பத்து வண்டிகளுக்குப் பொதுவழியாகிவிடும்.

அந்த மதுராந்தகத் தடத்துக்கு நான் எழுதியதை முன்மாதிரியாகத் தருகிறேன்: “டிசம்பர் இரண்டாம் வாரம், கிழக்கிலிருந்து மேற்காக. ஃபோர் வீல் டிரைவ், மாற்றியமைக்காத வண்டி, சாலை டயர், இரண்டு வண்டிகள். 2.8 கிலோமீட்டர் வரை கெட்டிச் சரளை. சாதாரணக் கார் போகும். அங்கே ஏரிக்கரை, ஏறும் சரிவு குறுகலானது, மேலே வண்டி திருப்ப இடமில்லை, ஆகவே கரைக்கு முன்பாக இடப்புறம் உள்ள பனைமரங்களுக்கு அருகில் நிறுத்தி நடந்து பார்க்கவும். பதிவிலுள்ள கோடு ஏரிப் படுகையின் குறுக்கே போகிறது. இப்போது தண்ணீர் நிற்கிறது. கடக்க முயலவில்லை, திரும்பினோம். கோடைக்கு ‘எளிது’ பொருந்தலாம். மழைக்காலத்தில் இது தடமே இல்லை.”

நட்சத்திரம் தரும் கட்டத்தை நான் காலியாக விட்டேன். மார்ச் கடைசியில் மறுபடி போய், படுகை உலர்ந்திருந்ததையும் மேற்குக் கரையில் புதிதாக ஒரு முள்வேலி போட்டிருந்ததையும் பார்த்து, அதே மதிப்புரையின் கீழ் தேதியோடு சேர்த்துவிட்டு, தடம் மூடப்பட்டது என்று செயலியில் புகாரளித்தேன்.